டிராக்டரில் பாரம் இழுப்போர் கவனத்துக்கு

உழவுக்கு வாங்கிய டிராக்டரே கரும்பு வெட்டுக் காலத்தில் பாரமும் இழுக்கிறது. எத்தனை குதிரைத்திறன் என்பதை மட்டும் பார்த்துப் பாரம் ஏற்றுவோர் பலர். ஆனால் இழுப்பதும் நிறுத்துவதும் பின் சக்கரத்தின் பிடிப்பைப் பொறுத்தவை.

டயரில் காற்று

லாரிக்கு உள்ளதுபோல் ஸ்பிரிங் பட்டை பெரும்பாலான டிராக்டர்களின் பின் அச்சில் இல்லை. டயரில் உள்ள காற்றுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. வயல் வேலைக்குப் பின் டயரில் 12 முதல் 15 பவுண்டு காற்று பொதுவாகப் போதும். சாலையில் பாரம் இழுக்க அதைவிடக் கூடுதலாக வேண்டும். சரியான அளவு டிராக்டருடன் தரும் கையேட்டில் இருக்கும். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து வெடிக்கும். ஈர மண்ணில் சக்கரம் வழுக்கினால் பின் டயரில் முக்கால் பங்கு வரை தண்ணீர் நிரப்பலாம்; சக்கர எடைகளும் மாட்டலாம்.

இரு சக்கர டிரெய்லர்

நான்கு சக்கர டிரெய்லரின் பாரம் முழுவதையும் அதன் சக்கரங்களே சுமக்கின்றன. இரு சக்கர டிரெய்லரில் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் இறங்கிப் பின் சக்கரத்துக்குப் பிடிப்புத் தருகிறது. பாரத்தைப் பின்பக்கமாக அடுக்கினால் கொக்கி மேலே தூக்கப்பட்டுப் பிடிப்பு போய்விடும். முன்பக்கம் அளவுக்கு மீறி அடுக்கினால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. எனவே அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் கூடுதலாக இருக்கும்படி அடுக்குவது நலம்.

கொக்கி தாழ இருக்கட்டும்

டிரெய்லரை அதற்கென உள்ள கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால் முன் சக்கரம் எழும்பி, ஓரிரு நொடிகளில் டிராக்டர் பின்புறமாகக் கவிழும். ஓட்டுபவர் குதித்துத் தப்ப நேரம் இராது.

சாலையில்

வயலில் தனித்தனியே மிதிக்கும் இரு பிரேக் பெடல்களையும் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்ட வேண்டும். இல்லையேல் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி திரும்பிக்கொள்ளும். பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளும். ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது.

ஒரே நடையில் ஏற்றும் பாரத்தை இரு நடையாக்கினால் டீசல் செலவு கூடும். ஆனால் டயரும் அச்சும் நீடிக்கும். ஓட்டுபவரும் பத்திரமாக வீடு திரும்புவார்.