புது காரில் சிலந்தி வலை போல கீறலா? டிரைவரை திட்டாதீங்க... துடைக்கிற துணியை பாருங்க!

சென்னை:-

நகையை அடகு வைத்து, பாங்கியில் கடன் வாங்கி, ஆசை ஆசையாக ஒரு கார் வாங்குகிறோம். கோவில் வாசலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவே பார்க்க ஓட்டி வருகிறோம்.

பத்து நாள் கூட ஆகியிருக்காது. ஒரு நாள் ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கு வெளிச்சத்தில் பானட்டை பார்த்தால் பகீர் என்கிறது. விளக்கு தெரியும் இடத்தை சுற்றி வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள்!

யார் செய்த வேலை இது? உடனே பழி விழுவது டிரைவர் மீது. அவர் இல்லாவிட்டால் அபார்ட்மெண்டில் கார் துடைக்கிறவர் மீது. சம்பளத்தில் பிடித்தம், வேலைக்கே வேட்டு என்று போய் விடுவதும் உண்டு.

சொந்தமாக கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர் பாடு வேறு மாதிரி. “ஆறாயிரம் ஆகும், எட்டாயிரம் ஆகும்” என்று யாராவது சொல்ல, அந்த மாச டியூ பணத்தில் கை வைத்து விடுகிறார்.

இந்த கீறல் எப்படி வருகிறது, வராமல் தடுப்பது எப்படி, வந்து விட்டால் என்ன செய்வது? இதோ விவரம்:-

வட்டமாக துடைத்ததால் வந்ததா?

“வட்டம் வட்டமா தொடச்சே, அதான் வட்டமா கீறல் விழுந்துடுச்சு” என்று டிரைவரை திட்டுகிறவர்கள் உண்டு. இது தவறு.

கீறல்கள் எல்லா திசையிலும் கன்னாபின்னா என்றுதான் விழுந்து கிடக்கும். ஆனால் விளக்கை சுற்றி குறுக்காக ஓடுகிற கீறல்கள் மட்டுமே வெளிச்சத்தை நம் கண்ணுக்கு திருப்பி அனுப்பும். அதனால்தான் நமக்கு வளையம் வளையமாக தெரிகிறது.

சந்தேகம் இருந்தால் செல்போன் டார்ச்சை பானட் மீது அடித்து மெதுவாக நகர்த்தி பாருங்கள். டார்ச் போகும் இடத்துக்கெல்லாம் அந்த வலையும் கூடவே நகரும். கருப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிற கார்களில் இது பளிச் என்று தெரியும். வெள்ளை காரிலும் கீறல் இருக்கும், கண்ணுக்கு சட்டென்று படாது. அவ்வளவுதான்.

முடியை விட மெல்லிய தோல்

இப்போது வரும் பெரும்பாலான கார்களில் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு கிடையாது. தகரத்தின் மீது துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் கலர். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போல நிறமில்லாத ஒரு பூச்சு. இதற்கு கிளியர் கோட் என்று பெயர். கார் பளபளப்பதே இதனால்தான்.

இந்த கிளியர் கோட்டின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லி மீட்டரை ஆயிரமாக பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் கிட்டத்தட்ட 70 மைக்ரான். அதாவது, பல லட்சம் ரூபாய் காரின் பளபளப்பை காப்பாற்றி வைத்திருப்பது ஒரு தலைமுடியை விட மெல்லிய தோல்!

சாலை தூசியில் இருக்கும் மணல் துகள் சும்மா இல்லை. மணலில் உள்ள குவார்ட்ஸ், ஜன்னல் கண்ணாடியையே கீறி விடும் அளவுக்கு கடினமானது. தூசி படிந்த காரை காய்ந்த துணியால் துடைத்தால், உப்புத்தாளை வைத்து தேய்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே மணல் மாட்டினால் கீறல் நிச்சயம்.

ஷோரூமிலேயே விழுந்து விடும்

“நான் இன்னும் தொடைக்கவே இல்லியே, வாங்கும்போதே இருந்துச்சே” என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலையில் இருந்து புறப்படும் கார், டிரெய்லர் லாரியில் ஏறி வருகிறது. பிறகு ஸ்டாக்யார்டில் வெயிலிலும் தூசியிலும் நாள்கணக்கில் நிற்கிறது. டெலிவரி நாளன்று அவசர அவசரமாக ஒரு துணியால் துடைத்து, ரிப்பன் கட்டி, சாவியை கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். அந்த அவசர துடைப்பிலேயே முதல் கீறல் விழ வாய்ப்பு உண்டு.

நாமும் நம் பங்குக்கு செய்கிறோம். பூஜைக்கு பானட்டில் குழைத்து பூசும் சந்தனமும் குங்குமமும் காய்ந்த பிறகு சுரண்டி தேய்ப்பது, ஜரிகை வைத்த மாலையை கட்டி அது காற்றில் உரசும்படி ஓட்டுவது, பசங்கள் தூசியில் விரலால் பேர் எழுதுவது... எல்லாமே கீறல்தான்.

கார் கவர் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். தூசியோடு நிற்கும் கார் மீது கவரை இழுத்து போட்டால், காற்றில் கவர் ஆட ஆட, அந்த தூசி நாள் முழுக்க காரை தேய்த்துக்கொண்டே இருக்கும்.

எப்படி கழுவணும்?

ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணி, அதில் வரிசையாக நாலைந்து கார். பல இடங்களில் நடப்பது இதுதான். முதல் காரின் மண் அடுத்த காரின் மீது ஏறுகிறது. கீழே டயர் பக்கம் துடைத்த துணியே பானட்டுக்கும் வருகிறது.

இதை மாற்ற பெரிய செலவு இல்லை. செய்ய வேண்டியவை:-

* காரை நிழலில் நிறுத்துங்கள். பானட் சூடு ஆறட்டும். சூட்டில் தண்ணீர் சட்டென்று காய்ந்து உப்புக்கறை விழும். போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

* துணியை தொடுவதற்கு முன்பு மேலிருந்து கீழாக தண்ணீரை ஊற்றி தூசியை இறக்குங்கள். ஹோஸ் இல்லை என்றால் மக்கில் ஊற்றினாலும் போதும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

* இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பூ தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துடைத்த துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்ட பிறகே ஷாம்பூவில் முக்க வேண்டும்.

* கூரை, பானட், கதவு, கடைசியில் அடிப்பக்கம் என்று மேலிருந்து கீழே வாருங்கள். டயருக்கும் வீலுக்கும் தனி துணி.

* பழைய பனியன், மஞ்சள் துணி வேண்டாம். மைக்ரோ பைபர் துணி வாங்குங்கள். அழுத்தாமல், நேர்கோட்டில் துடையுங்கள்.

* துணி கீழே விழுந்து விட்டால் அலசாமல் மறுபடி காரில் வைக்காதீர்கள். ஒரே ஒரு மணல் போதும்.

* துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம்.

* பறவை எச்சத்தை காய்ந்தபடியே சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறி தானாக வந்து விடும். நாள்கணக்கில் விட்டால் கிளியர் கோட்டையே அரித்து விடும்.

தினமும் காலையில் நூல் குஞ்சம் வைத்த டஸ்டரால் தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தினம் காய துடைப்பதை விட, வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றி கழுவுவது மேல். நடுவில் கண்ணாடியையும் லைட்டையும் மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வாட்டர் சர்வீசுக்கு விடும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். முந்தைய வண்டியின் சேறு துடைத்த துணி உங்கள் காருக்கு வந்தால் “அண்ணே, வேற துணி போடுங்க” என்று சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

கீறல் விழுந்தாச்சு... இப்ப என்ன?

முதலில் பதறாதீர்கள். நகத்தால் ஒரு சோதனை செய்யுங்கள். காரை கழுவி காய வைத்த பிறகு, கீறலுக்கு குறுக்காக நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் அது கிளியர் கோட்டின் மேல் தோலில்தான் இருக்கிறது. பாலிஷில் போகும். நகம் சிக்கினால் ஆழமான கீறல். பாலிஷில் முழுசாக போகாது. உள்ளே பிரைமரோ தகரமோ தெரிந்தால், துரு பிடிக்கும் முன்பு டச்சப் செய்து விட வேண்டும்.

பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு. இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பாலிஷ் என்பது கீறலை சுற்றியுள்ள கிளியர் கோட்டை லேசாக தேய்த்து சமப்படுத்துவது. கீறல் நிஜமாகவே போய் விடும். ஆனால் தோலும் கொஞ்சம் குறையும். வாக்ஸ் என்பது மேலே பூசும் மெழுகு. கீறலை கொஞ்ச நாள் மறைக்கும். நாலு தடவை கழுவினால் மறுபடி எட்டிப்பார்க்கும்.

குறைந்த காசுக்கு “ஒரு மணி நேரத்துல புது வண்டி மாதிரி ஆக்கித் தர்றேன்” என்றால் அது பெரும்பாலும் மறைக்கும் வேலைதான் என்று புரிந்து கொள்ளுங்கள்.

டூத் பேஸ்ட் தேய்ப்பது, மண்எண்ணெய், டீசல் போட்டு துடைப்பது எல்லாம் வேண்டாம். பேஸ்ட் தேய்த்த இடம் மங்கலாகி தனியாக தெரியும். எண்ணெய் போட்டால் அன்றைக்கு மட்டும் மினுக்கும், மறுநாள் இரண்டு மடங்கு தூசி ஒட்டும்.

மெஷின் பாலிஷ் போட போனால், கவனம் தேவை. ஒரே பக்கமாக வேகமாக சுற்றும் ரோட்டரி மெஷின், பழகாத கையில் கிடைத்தால் கதவு விளிம்பு, பானட் மடிப்பு போன்ற இடங்களில் கிளியர் கோட்டை தேய்த்தே எடுத்து விடும். அப்புறம் அந்த பகுதி முழுக்க பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். சுற்றிக்கொண்டே ஆடும் டியூயல் ஆக்ஷன் மெஷினில் இந்த ஆபத்து குறைவு. “எந்த மெஷின்ல போடுவீங்க? முதல்ல ஒரு சின்ன இடத்துல போட்டு காட்டுங்க” என்று கேளுங்கள்.

ஒவ்வொரு சர்வீசுக்கும் ரப்பிங், பாலிஷ் என்று போட்டுக்கொண்டே இருந்தால் நாலைந்து வருஷத்தில் அந்த மெல்லிய தோல் தேய்ந்து போகும். பிறகு வெயில் நேராக கலரை தாக்கும். கூரையும் பானட்டும் வெளுத்து உரிவதை பழைய கார்களில் பார்க்கலாம். கண்ணை உறுத்தாத லேசான கீறலை அப்படியே விட்டு விடுவதே புத்திசாலித்தனம். வண்டி ஓட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

கோட்டிங் போட்டால் கீறலே விழாதா?

செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக ஓடும், அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபம். ஆனால் அந்த பூச்சு மிக மிக மெல்லியது. “சாவியால கீறினாலும் ஒண்ணும் ஆகாது” என்று சொன்னால் நம்பாதீர்கள். பி.பி.எப். எனும் ஒளி ஊடுருவும் பிலிம் ஒட்டினால் ஓரளவு நிஜமான பாதுகாப்பு உண்டு. ஆனால் விலை அதிகம். டியூ கட்டி ஓட்டுகிறவருக்கு இரண்டு பக்கெட்டும் நாலு மைக்ரோ பைபர் துணியும் போதும்.

டெலிவரி நாளில் உஷார்!

புது கார் எடுக்க பகலில் போங்கள். மாலை போடும் முன்பு, கையெழுத்து போடும் முன்பு, காரை வெயிலில் நிறுத்தச் சொல்லி சுற்றிப்பாருங்கள். ஷோரூம் உள்ளே என்றால் செல்போன் டார்ச் அடித்து பாருங்கள். கீறல் இருந்தால் போட்டோ எடுத்து, டெலிவரி பேப்பரிலேயே எழுதி கையெழுத்து வாங்குங்கள். சரி செய்த பிறகு வண்டியை எடுக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் யார் கீறியது என்று நிரூபிப்பது கஷ்டம். வெளியில் இருந்து விழும் கீறலுக்கு பொதுவாக வாரண்டியும் கிடையாது.

டீலர் கை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கையில் போட்டோவும் எழுத்தும் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

கடைசியாக கார் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. காலை 6 மணிக்கு வந்து கார் துடைக்கிறவருக்கு குழாய் எங்கே இருக்கிறது, நல்ல துணி யார் கொடுத்தது என்று ஒரு தடவை யோசித்து பாருங்கள். தண்ணீர் கொடுக்காமல், கிழிந்த பனியனை கொடுத்து “பளபளன்னு இருக்கணும்” என்றால் அவர் என்ன செய்வார்?

நாளைக்கு காலையில் அவரை கூப்பிட்டு திட்டுவதற்கு பதில், கூட ஒரு பக்கெட்டை எடுத்து கொடுங்கள். கீறலும் குறையும், ஒரு மனுஷன் வேலையும் நிலைக்கும்!