பெரிய லேத் வாங்கும் முன்

அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு அடிப்படை இயந்திரவியல் கற்பிக்கிறேன். வசிப்பது ஐயப்பன்தாங்கலில். எங்கள் பணிமனையில் மரம் கடைவதற்கென்று சிறிய மேசை லேத் ஒன்று உண்டு. பம்பரம், மத்து, பூரிக்கட்டை, சொப்புச் சாமான் என்று அதில் முடிந்ததையெல்லாம் பிள்ளைகள் கடைந்து பார்த்துவிட்டார்கள். இப்போது கிண்ணமும் பெரிய தட்டும் செய்ய ஆசைப்படுகிறார்கள். முன்னாள் மாணவர்கள் சிலர், 2022-இல் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியே பெரிய லேத் வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். “எந்த லேத் வேண்டும் சார்?” என்று அவர்கள் கேட்டார்கள். அதற்குப் பதிலாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் எடுத்துச் சொன்னவற்றையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

இத்தகைய எந்திரத்தைப் பள்ளி அடிக்கடி வாங்குவதில்லை. அதன் முன் நிற்கப்போவதும் பதினாறு வயதுப் பிள்ளைகள். எனவே, ‘எவ்வளவு பெரியது?’ என்பதை விட ‘எவ்வளவு மெதுவாகச் சுழலும், எவ்வளவு உறுதியாக நிற்கும்?’ என்ற கேள்வியே முக்கியம்.

என்ன கடையப் போகிறோம்?

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். மத்தைக் கயிற்றால் முன்னும் பின்னும் இழுப்பதுபோலத்தான் பழைய கடைசல் கருவியும் இயங்கியது. கட்டை ஒரு திசையில் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும்.

நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகளும் கடைசல் வேலைக்குப் பெயர் பெற்றவை. இவை பெரும்பாலும் கைக்குள் அடங்கும் பொருள்கள். இவற்றுக்குச் சிறிய, வேகமான லேத் போதும். சுழலும் பொம்மையின் மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வு வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. அங்கே வேகம் நன்மை செய்கிறது. ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள பலாமர மிருதங்கக் கட்டைக்கு இது பொருந்தாது. அதற்கு நீளமும் கனமும் மெதுவான சுழற்சியும் கொண்ட லேத் வேண்டும். ஆகவே, அடுத்த சில ஆண்டுகளில் மாணவர்கள் செய்யப்போகும் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் மிகப் பெரியதன் அளவைக் குறித்துக்கொள்வதே முதல் வேலை.

இரண்டு அளவுகள்

லேத்தின் அளவை இரண்டு எண்களால் சொல்வார்கள். ஒன்று, அதில் சுழலக்கூடிய மிகப் பெரிய விட்டம். வியாபாரிகள் இதை ‘ஸ்விங்’ என்பார்கள். மற்றொன்று, இரு முனைகளுக்கு இடையிலுள்ள நீளம். 12 அங்குல ஸ்விங் என்றால் சுழலச்சின் மையத்திலிருந்து அடிப்பாளம் வரை 6 அங்குலம் இருக்கும். ஆனால் உளியைத் தாங்கும் கையின் அடிப்பகுதி அந்த இடைவெளியில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் நடைமுறையில் 10 அல்லது 11 அங்குலக் கிண்ணம்தான் வசதியாக வரும். கிண்ணமும் தட்டும் மட்டுமே நோக்கம் என்றால் நீளத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. மேசைக்கால், தூண் போன்றவை செய்வதானால்தான் நீளம் தேவை.

விளிம்பு ஓடும் வேகம்

நிமிடத்துக்கு 2000 சுற்று சுழலும் 5 செ.மீ. விட்டப் பம்பரக் கட்டையை எடுத்துக்கொள்வோம். விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றில் விளிம்பு செல்லும் தொலைவு கிடைக்கும். அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் நிமிடத்துக்கு 314 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 19 கி.மீ. இது சைக்கிள் வேகம். அதே 2000 சுற்றில் 30 செ.மீ. தட்டைச் சுழற்றினால் விளிம்பின் வேகம் மணிக்கு 113 கி.மீ. ஆகிவிடும். கட்டையில் விரிசல் இருந்து ஒரு துண்டு பிய்ந்தால், நெடுஞ்சாலையில் பாயும் காரின் வேகத்தில் அது பறக்கும்.

கடைசல்காரர்களிடையே ஒரு கணக்கு வழக்கத்தில் உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் வரும் எண் 6000-க்கும் 9000-க்கும் இடையில் இருக்க வேண்டும். 12 அங்குலத் தட்டுக்கு 500 முதல் 750 சுற்று என்று இதிலிருந்து கிடைக்கும். இது சமன்பட்ட கட்டைக்கு உரிய கணக்கு. பட்டை நீக்காத, கோணலான கட்டையை இதைவிட மிக மெதுவாகத் தொடங்க வேண்டும். எனவே லேத் விளம்பரத்தில் மிகை வேகத்தைப் பார்க்காமல் குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள். பெரிய ஸ்விங் இருந்தும் குறைந்த வேகமே 500 சுற்று என்றால் அந்த லேத் பள்ளிக்கு வேண்டாம்.

கட்டையின் கனமும் லேத்தின் கனமும்

8 செ.மீ. கனமுள்ள இரு வட்டக் கட்டைகளை ஒப்பிடுவோம். ஒன்றின் விட்டம் 15 செ.மீ., மற்றதன் விட்டம் 30 செ.மீ. மரத்தின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 0.7 கிராம் என்று கொண்டால், முதலாவது ஏறத்தாழ 1 கிலோ, இரண்டாவது 4 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகிறது. நிலைமத் திருப்புத்திறனோ பதினாறு மடங்காகிறது. சுழலத் தொடங்குவதும் நிற்பதும் அந்த அளவுக்குக் கடினமாகும்.

எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் புயலில் சாய்ந்த மரங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேம்பு, பூவரசு, தூங்குமூஞ்சி என்று எதுவானாலும் பச்சை மரத்தில் ஈரம் மிகுதி. ஒரு பக்கம் கனத்தும் இருக்கும். அது சுழலும்போது இலகுவான லேத் தரையில் நடக்கத் தொடங்கும். வார்ப்பிரும்பாலான அடிப்பாளமும் தாங்கியும் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு லேத்துகளில் விலையும் ஸ்விங்கும் ஒன்றானால் கனமானதையே தேர்ந்தெடுங்கள்.

மோட்டாரும் மின்சாரமும்

1 குதிரைத்திறன் என்பது 746 வாட். 12 அங்குலத்துக்கு மேற்பட்ட கிண்ணங்களுக்கு ஒன்றரை முதல் 2 குதிரைத்திறன் இருந்தால் உளி அழுத்தும்போது மோட்டார் திணறாது. குமிழைத் திருப்பி வேகத்தை மாற்றும் மின்னணுக் கட்டுப்பாடு வசதியானதுதான். ஆனால் அது மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும்போது கிடைக்கும் திறனும் குறைகிறது. பெல்ட்டைப் பெரிய புல்லிக்கு மாற்றினால் வேகம் குறையும், திருப்புவிசை கூடும். இரண்டும் சேர்ந்து இருப்பதே நல்லது. பணிமனைக்கு வருவது சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்பதையும் எர்த் இணைப்பையும் மின்பணியாளரைக் கொண்டு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பழைய இரும்பு லேத் ஆகுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை அருகில் இருப்பதால், “பழைய இரும்பு லேத் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடலாமே?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உலோக லேத்தில் உளி வண்டியில் பூட்டப்பட்டிருக்கும். மரக்கடைசலில் கையே உளியை நடத்த வேண்டும். எண்ணெயிட்ட தடங்களில் மரத்தூள் படிந்து ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். உலோகக் கடைசல் கற்பிக்க அது நல்ல எந்திரம். மரத்துக்கு வேறு எந்திரம் வேண்டும். பழைய மர லேத்தே கிடைத்தாலும் சுழலச்சின் மரை அளவைக் கேளுங்கள். வழக்கில் இல்லாத மரையானால் அதற்குச் சக் கிடைக்காது. முனைகளைப் பொருத்தும் துளை எம்.டி. 2 அளவில் இருப்பது நல்லது.

எங்கள் குழுவுக்கு நான் தந்த பட்டியல்

1. ஸ்விங் 14 அங்குலம். அதற்கு மேல் இப்போதைக்குத் தேவையில்லை.
2. குறைந்தபட்ச வேகம் நிமிடத்துக்கு 100 சுற்றுக்குள்.
3. வார்ப்பிரும்பு அடிப்பாளம், தரையில் போல்ட் போட்டு இறுக்கும் வசதி.
4. ஒன்றரை அல்லது 2 குதிரைத்திறன் மோட்டார். புல்லியும் வேகக் குமிழும்.
5. கைக்கு எட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தான்.
6. சுழலச்சு மாணவரின் முழங்கை உயரத்தில். குள்ளமான பிள்ளைகளுக்கு அசையாத மரப்பலகை மேடை.
7. சக், உளிகள், சாணைக்கல், முகக்கவசம், தூசி முகமூடி ஆகியவற்றுக்கு நிதியில் தனி ஒதுக்கீடு.

ஏழாவதை வலியுறுத்திச் சொன்னேன். பணம் முழுவதையும் எந்திரத்துக்கே கொடுத்துவிட்டால், மழுங்கிய உளியோடும் மறைக்காத முகத்தோடும் பிள்ளைகள் நிற்க நேரும்.

பணிமனை விதிகளும் லேத்தோடு சேர்ந்து வளர வேண்டும். கையில் கட்டிய கயிறு, வளையல், தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த பின்னல் எதுவும் லேத் அருகே கூடாது, கையுறையும் கூடாது. சுவிட்சைப் போடும் முன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். தொடங்கும்போது கட்டையின் விளிம்புக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

லேத் வாங்காத பள்ளிகளும் இந்தக் கணக்குகளைப் பயன்படுத்தலாம். வட்டத்தின் சுற்றளவு, உருளையின் கனஅளவு, அடர்த்தி, திறன் ஆகிய பாடங்கள் இதில் ஒன்றாக வருகின்றன. அருகிலுள்ள கடைசல் பட்டறைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, கட்டையின் விட்டத்தையும் சுற்றுகளையும் குறித்து வரச் சொல்லுங்கள். விளிம்பின் வேகத்தை வகுப்பில் அவர்களே கணக்கிடட்டும். பட்டறைக்காரர் ஏன் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அப்போது பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.