வரி கட்டுவோரின் வக்கீல்

மும்பையில், முன்பு வி.டி. எனப்பட்ட சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரே மாநகராட்சிக் கட்டடம். அதன் முன்னால் சிலையாக நிற்பவர் சர் பெரோஸ்ஷா மேத்தா. 1890-ல் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் அவரை முடித்துவிடும். வீட்டு வரி வழக்கு நடத்திப் பிழைக்கும் வக்கீலான எனக்கு அவர் முதலில் ஒரு கவுன்சிலர். அவருக்கு ஈடான கவுன்சிலரை இந்த நாடு இன்னும் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

பம்பாய்ப் பார்சிக் குடும்பத்தில் 1845-ல் பிறந்தவர். லண்டனில் படித்து 1868-ல் பாரிஸ்டர் ஆனார். அப்போது நகரம் ஜே.பி.க்கள் எனப்பட்ட கௌரவ நீதிபதிகளின் பொறுப்பில் இருந்தது. உண்மையில் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டு வைத்ததுதான் சட்டம். நகரத்துக்கு அவர் நிறையச் செய்தார். கஜானாவையும் காலி செய்தார். 1871-ல் வரி கட்டுவோர் கொதித்தெழுந்து, அந்த ஆளை அனுப்பு என்றார்கள். 26 வயது மேத்தா கூட்டத்துக்குப் பிடிக்காததைப் பேசினார். கோளாறு ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. வேலையை நடத்த ஒரே அதிகாரி இருக்கட்டும், அவரிடம் கணக்குக் கேட்க வரி கட்டுவோர் தேர்ந்தெடுத்த மன்றம் வேண்டும் என்பது அவர் வாதம். 1872 சட்டம் ஏறக்குறைய அந்த வழியில்தான் வந்தது. 64 உறுப்பினர்களில் 32 பேரை வரி கட்டுவோரே தேர்ந்தெடுத்தார்கள்.

குஜராத், கத்தியவார் பக்கத்துக் கோர்ட்டுகளில் அவருக்கு வழக்குகள் குவிந்தன. ஆனாலும் மாநகராட்சியை அவர் விடவில்லை. நான்கு முறை அதன் தலைவரானார். 1888-ல் புதிய மாநகராட்சிச் சட்டம் வந்தபோது அவர் மாகாணச் சட்டசபையிலும் இருந்தார். மசோதா மாநகராட்சி மன்றத்தின் கையைக் கட்டப் பார்த்தது. அவரும் சட்டசபையின் சக உறுப்பினர் காசிநாத் திரியம்பக் தேலாங்கும் பிரிவு பிரிவாக வாதாடினார்கள். கடைசியில் நகர ஆட்சி, மன்றத்தையே சேரும் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. சட்டம் படித்தவர் மன்றத்தில் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தச் சட்டம், பல திருத்தங்களோடு, மும்பையில் இன்றும் நடப்பில் இருக்கிறது.

போலீஸ் செலவு இன்னொரு நீண்ட வழக்கு. போலீஸ் அரசின் கட்டுப்பாட்டில். செலவில் பங்கு மட்டும் நகரத்தின் தலையில். இந்த அநியாயத்தை மேத்தா பல ஆண்டுகள் எதிர்த்தார். 1907-ல்தான் தீர்வு வந்தது. போலீஸ் செலவை அரசு ஏற்றது; ஆரம்பக் கல்வியும் மருத்துவமும் மாநகராட்சிக்கு வந்தன.

அதே ஆண்டு உயர் அதிகாரிகள் சிலரும் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ ஆசிரியர் லோவட் ஃபிரேசரும் கூட்டுச் சேர்ந்து அவரை மன்றத்திலிருந்தே அகற்றப் பார்த்தார்கள். ஜே.பி.க்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 16. மேத்தா வந்தது 17-வதாக. வென்றவர்களில் ஒருவரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாக, அந்த இடத்தில் மேத்தா மீண்டும் உள்ளே வந்தார்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அன்று ஓட்டு இருந்தது வரி கட்டும் வசதி உள்ளவர்களுக்குத்தான். சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த மில் தொழிலாளிக்கு அந்த மன்றத்தில் குரல் இல்லை. மேத்தாவின் அரசியல் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

1915 நவம்பரில் அவர் காலமானார். இன்று ஓட்டு எல்லோருக்கும் இருக்கிறது. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் உங்கள் வார்டில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், மாநகராட்சி பட்ஜெட்டைப் படித்திருக்கிறாரா என்று வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்.