நடுவில் ஒலிக்கும் வயோலா

வயோலாவைப் பெரிய வயலின் என்றே நானும் முதலில் எண்ணினேன். அதன் சுருதியோ வயலினைவிடத் தாழ்ந்தது.

சிலர் மட்டும் கூடி வாசிப்பது அறையிசை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ சேர்ந்தால் நால்வர் இசை. 18ஆம் நூற்றாண்டில் வயலின் பெரும்பாலும் முன்னே செல்ல, வயோலா நடுவிலிருந்து இசையை நிரப்பியது. ஆயினும், நண்பர்களோடு வாசிக்கையில் மொஸார்ட் விரும்பி எடுத்தது வயோலாவைத்தான். 1787இல் அவர் எழுதிய ஐவர் இசையில் இரண்டு வயோலாக்கள் உண்டு. 1876இல் ஸ்மெட்டனா தமது நால்வர் இசையை வயோலாவின் குரலோடு தொடங்கினார்.

1919இல் அமெரிக்கப் போட்டியொன்றில் வயோலாக் கலைஞர் ரெபெக்கா கிளார்க்கின் சொனாட்டா முதலிடத்துக்குச் சமவாக்குப் பெற்றது. பரிசு மற்றவருக்குப் போனது. இதை ஒரு பெண் எழுதியிருப்பாரா என்றுகூடச் சந்தேகித்தனர். இன்றோ, வயோலா பயில்வோர் அதை விரும்பி வாசிக்கின்றனர்.

நடுவில் இருப்பவரின் குரலுக்கும் செவிகொடுக்க வயோலா எனக்குக் கற்றுத்தந்தது.