வேலை நேரம் குறைந்தால் பிள்ளைகளின் ஜீவனாம்சமும் குறையுமா?



சில மாதங்களாக ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது, வேறு வேறு ஊர்களில் ஒரே கேள்வி வருகிறது. "பிள்ளைகளுக்கு மாசம் இவ்வளவு குடுக்கணும்னு கோர்ட்டுல ஆர்டர் ஆச்சு. கொஞ்ச நாள் ஒழுங்கா போட்டாரு. இப்ப கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் பாக்குறதில்ல, ஒரு ஷிப்ட்தான் போறேன், அதனால பாதிதான் தரமுடியும்ங்கிறாரு. வேலையே குறைஞ்சுபோச்சுன்னா நாம எப்படி கேக்குறது?"

கேட்கிற சகோதரிகளில் பலர் கேள்வியிலேயே பாதி விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். சம்பளம் குறைந்தால் ஜீவனாம்சமும் தானாகக் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதை விளக்கத்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

நம் குழுவில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் ரூபாய் தவணை கட்டுவதாகச் சொல்லி ஓர் உறுப்பினர் உள்கடன் வாங்குகிறார். நடுவில் வேலை குறைந்துவிடுகிறது. அவர் ஐந்நூறு கொண்டுவந்து கொடுத்தால் ஊக்குநர் வாங்கிக்கொள்வார். ஆனால் பேரேட்டில் இருக்கிற ஆயிரத்தை அடித்துவிட்டு ஐந்நூறு என்று எழுதமாட்டார். அவர் கூட்டத்தில் காரணம் சொல்லவேண்டும், எல்லோரும் கேட்கவேண்டும், தீர்மான நோட்டில் ஏறவேண்டும். அதுவரைக்கும் மீதி ஐந்நூறு பாக்கிதான். கோர்ட் ஆர்டரும் இப்படித்தான். மாதம் இத்தனை ரூபாய் என்று தொகை போட்டு எழுதியிருக்கும். அவர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று மாதாமாதம் பார்த்து அது ஏறி இறங்காது. குறைக்கவேண்டும் என்றால் அவர்தான் அதே கோர்ட்டில் மனுப் போட்டு, நிலைமை மாறிவிட்டது என்று நிரூபித்து, புது ஆர்டர் வாங்கவேண்டும். டீக்கடையில் நின்று சொல்வதும், போனில் சொல்வதும், மாமியார் மூலமாகச் சொல்லி அனுப்புவதும் சட்டத்தில் செல்லாது.

முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. அதில் ஜீவனாம்சம் 144-ஆம் பிரிவு. தொகையைக் கூட்டவோ குறைக்கவோ 146. ஆர்டரை நிறைவேற்றி வாங்க 147. பழைய கேஸ் வைத்திருப்பவர்கள் பயப்படவேண்டாம், அந்த தேதிக்கு முன்னால் தொடங்கி நடந்துகொண்டிருந்த மனுக்கள் பழைய சட்டப்படியே நடக்கும். முன்பெல்லாம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆர்டர் போடமுடியாது என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள். இன்னமும் சில பெரியவர்கள் "ஐந்நூறு ரூபாய்க்கு எதுக்கு கோர்ட்டுக்கு அலையணும்" என்று சொல்லி நம் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அது இருபது வருசத்துக்கு மேலான பழைய கதை.

சரி, அவர் மனுப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் என்ன பார்க்கும்?

ஏன் குறைந்தது என்றுதான் முதலில் பார்க்கும். கம்பெனிக்கு ஆர்டர் வராமல் எல்லோருக்கும் ஷிப்டைக் குறைத்திருக்கலாம். கையில் மெஷின் பட்டு அடிபட்டிருக்கலாம். வேறு நோய் வந்திருக்கலாம். இதெல்லாம் நிஜமான காரணம். 2020-இல் ஊரடங்கு நேரத்தில் மில்லும் பனியன் கம்பெனியும் மூடிக்கிடந்ததை நாம் பார்த்தோம். இப்படி இருந்தால் தொகையைக் குறைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, குறைக்கவும் செய்யும். இதையும் நாங்கள் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஆனால் உடம்பு நன்றாக இருந்து, வேலையும் இருந்து, அவராகவே நேரத்தைக் குறைத்துக்கொண்டால் கதை வேறு. இப்போது என்ன சம்பாதிக்கிறார் என்பதோடு, என்ன சம்பாதிக்க முடியும் என்பதையும் கோர்ட் பார்க்கும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கணவர் தன்னுடைய சிறு தொழில் மூடிப்போய்விட்டது, வருமானமே இல்லை என்றார். உடல் பலம் உள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு ஏற்கெனவே போட்டிருந்த 6,000 போக, மனைவிக்கும் மாதம் 10,000 கொடுக்கச் சொன்னது. தொழிலே போய்விட்டது என்றவருக்கே இந்தப் பதில் என்றால், ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்ட் ஆக்கிக்கொண்டவர் என்ன சொல்லித் தப்பமுடியும்?

கடன் தவணை போகிறது, பைக் டியூ போகிறது, அதனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பதும் அடிக்கடி வருகிற பேச்சு. பி.எஃப். போன்ற சட்டப்படியான பிடித்தத்தைக் கோர்ட் கழித்துப் பார்க்கும். அவராக இழுத்துப்போட்டுக்கொண்ட கடனைக் காட்டிப் பிள்ளைகளின் தொகையைக் குறைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஏற்பதில்லை.

"சம்பளத்துல கால் பங்குதானே சட்டம்?" என்றும் கேட்கிறார்கள். 2017-இல் ஒரு வழக்கில் மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், மருந்துச் செலவு உண்டா, இரண்டு பேருக்கும் என்ன வருமானம் என்று எல்லாம் பார்த்துத்தான் போடுவார்கள்.

இனி பாக்கி விஷயம். நம் பெண்கள் அதிகம் இழப்பது இதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 5,000 ஆர்டர். அவர் "ஷிப்ட் குறைஞ்சுபோச்சு" என்று 3,000 மட்டும் போடுகிறார். மாதம் 2,000 பாக்கி. "போகட்டும், மூவாயிரமாவது வருதே, கேக்கப்போனா அதுவும் நின்னுடும்" என்று பதினான்கு மாதம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு மனுப் போட்டால், 28,000 முழுவதும் இந்த வழியில் வராது. ஒவ்வொரு மாதத் தொகையையும் அது கொடுக்கவேண்டிய நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டாகவேண்டும் என்று சட்டத்தில் கெடு இருக்கிறது. ஆகவே பன்னிரண்டு மாதத்துக்கு 24,000 கேட்கலாம், மீதி 4,000 கைவிட்டுப் போகும். ஒரு பிள்ளைக்கு ஒரு வருட நோட்டு, சீருடை, பஸ் செலவு எல்லாம் அதில் முடிந்திருக்கும். ஏழெட்டு மாதம் பாக்கி நின்றாலே மனுப் போட்டுவிடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

மனுப் போட்டால் கோர்ட் வாரண்ட் போட்டு வசூல் செய்யும். அப்படியும் வராமல், தக்க காரணமும் காட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டா கணக்கு தீர்ந்துபோச்சு" என்று சிலர் வீறாப்புப் பேசுவார்கள். சிறை என்பது கொடுக்கவைக்க ஒரு வழிதான், அதனால் கடன் கழியாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணத்தைக் கையில் வாங்காதீர்கள். இதை நாங்கள் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. திருவிழாவுக்கு வந்தபோது கொடுத்தார், தம்பியிடம் கொடுத்து அனுப்பினார் என்றால் எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று எப்படிக் காட்டுவது? வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பாஸ்புக்கை மாதாமாதம் பதிந்து வையுங்கள். குறைவாகப் போட்டாலும் வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதால் உரிமை போகாது. ஆனால் "இனி இவ்வளவு போதும்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் எதிரில் என்றாலும் சரி. பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுடையது. அம்மா எழுதிக்கொடுத்தாலும் அது போய்விடாது. ஆனாலும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதிர்வக்கீல் இரண்டு வருசம் இழுத்தடிப்பார்.

அவர் நிஜமாகவே குறைந்த நேரம்தான் வேலை பார்க்கிறாரா என்று எப்படித் தெரியும்? 2020 நவம்பர் 4-இல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச கேஸில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். உங்கள் வக்கீலிடம் அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொன்னாலே போதும். பொய் சொன்னால் அதற்குத் தனியாக நடவடிக்கை உண்டு. கம்பெனியின் வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். விவரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை வரவழைக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். பகலில் இந்தக் கம்பெனியில் ஒரு ஷிப்ட், சாயங்காலம் இன்னொரு இடத்தில் கையில் கூலி என்று ஓட்டுகிறவர்களும் உண்டு. கூட வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் யாராவது சாட்சி சொல்ல முன்வந்தால் பெரிய பலம். புது வண்டி, சீட்டு, வீட்டு வேலை என்று கண்ணுக்குத் தெரிகிற செலவுகளையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

அந்தப் பத்திரம் நமக்கும் உண்டு என்பதை மறக்கவேண்டாம். பால் ஊற்றுகிற வருமானம், தையல் கூலி, குழுவில் உள்ள சேமிப்பு, வாங்கிய கடன் எல்லாம் எழுதவேண்டும். சில சகோதரிகள் "சம்பாதிக்கிறேன்னு சொன்னா ஜீவனாம்சம் இல்லைன்னுடுவாங்க" என்று மறைக்கிறார்கள். சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு சாதாரணமாக அப்பாவுடையது. அம்மாவுக்குப் போதுமான வருமானம் இருந்தால் மட்டும் அந்த அளவுக்குப் பங்கிடுவார்கள்.

இதன் மறுபக்கமாக இன்னொன்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மில் வேலையை விட்டுவிட்டு, பக்கத்திலேயே அரைநாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் நம் குழுக்களில் நிறைய. "அவளும்தானே வேலையைக் குறைச்சுக்கிட்டா" என்று எதிர்த்தரப்பு சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. அவள் குறைத்த நேரம் பிள்ளையிடம்தான் போகிறது. வேலையை ஏன் விட்டீர்கள், பிள்ளையின் வயது என்ன, வீட்டில் வேறு ஆள் உண்டா என்று வக்கீலிடம் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யவையுங்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

விலைவாசி ஏறி, பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனால் தொகையைக் கூட்டச் சொல்லி நாமும் அதே 146-ஆம் பிரிவில் மனுப் போடலாம். இன்னும் கேஸே போடாதவர்கள் நீங்கள் குடியிருக்கும் ஊரின் எல்லைக்கு உட்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடலாம், குடும்ப நீதிமன்றம் இருக்கிற ஊர் என்றால் அங்கே. அவர் திருப்பூரில் இருக்கிறார் என்று நீங்கள் திருப்பூருக்கு அலையவேண்டியதில்லை. பதிவுத் திருமணம் இல்லை, கல்யாணமே ஆகவில்லை என்றாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கவேண்டும் என்பது 1987-ஆம் வருடச் சட்டம். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். போன் என்றால் 15100. போகும்போது கோர்ட் ஆர்டர் நகல், பதிந்த பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி ரசீதுகள், எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதிய கணக்கு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கணக்கு எழுதத் தெரியாவிட்டால் உங்கள் குழுவின் கணக்காளரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் எழுதிக்கொடுத்துவிடுவார்.