கூரையில் சோலார், உள்ளே பவர் ஸ்டேஷன்: கேம்பர் வேன் உரிமையாளர் அறிய வேண்டியவை

கேம்பர் வேனில் வைக்கும் பவர் ஸ்டேஷன், லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். மின்சுற்று ஆகிய நான்கையும் ஒரே பெட்டியில் அடக்கிய கருவி. வேனின் கூரையில் பதித்த சோலார் பேனலின் கம்பியை இதில் செருகினால் போதும், சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். இந்த எளிமையை நம்பி வாங்குபவர்கள் வாட் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் வாட் அல்ல, வோல்ட்.

ஒவ்வொரு பவர் ஸ்டேஷனுக்கும் சோலார் உள்ளீட்டு எல்லை உண்டு. சிறிய கருவிகளில் அது 30 வோல்ட் அளவிலும், நடுத்தரமானவற்றில் 60 வோல்ட் அளவிலும், பெரியவற்றில் 150 வோல்ட் வரையிலும் இருக்கும். பேனலின் பின்புற ஸ்டிக்கரில் இரண்டு வோல்ட் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று வேலை செய்யும்போது கிடைப்பது. மற்றொன்று எதுவும் இணைக்காதபோது முனைகளில் நிற்கும் திறந்த சுற்று மின்னழுத்தம். எல்லையோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவதைத்தான். ‘12 வோல்ட் பேனல்’ என்று கடையில் விற்கும் 100 வாட் பேனலில் இது சுமார் 22 வோல்ட். இரண்டைத் தொடராக இணைத்தால் 44. முப்பது வோல்ட் எல்லை கொண்ட கருவியில் அதைச் செருகினால் உள்ளீட்டுச் சுற்று கருகிப்போகலாம். அதே இரண்டு பேனல்களைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் வோல்ட் 22-லேயே நிற்கும், ஆம்பியர் மட்டும் கூடும். ஆம்பியர் கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலான கருவிகள் தமக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எனினும் கையேட்டில் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

குளிர் இந்தக் கணக்கை மாற்றிவிடும். ஸ்டிக்கரில் உள்ள எண்கள் 25 டிகிரி செல்சியஸில் அளந்தவை. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வோல்ட் சுமார் 0.3 சதவீதம் ஏறும். திறந்த சுற்றில் 19.5 வோல்ட் தரும் மூன்று பேனல்களைத் தொடராக இணைத்தால் 58.5 வோல்ட், 60 வோல்ட் எல்லைக்குள் அடங்குவதாகத் தோன்றும். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில், பேனல் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் இருக்கும்போது, அது 63 வோல்ட்டை நெருங்கிவிடும். சென்னையில் மாதக்கணக்கில் சிக்கலின்றி ஓடிய இணைப்பு, மலையில் ஒரே காலையில் கருவியைப் பழுதாக்கும் வாய்ப்பு இப்படித்தான் உருவாகிறது. எல்லையிலிருந்து 15 சதவீதமாவது கீழே நிற்பதே பாதுகாப்பு.

வெயில் இதற்கு நேர்மாறான இழப்பைத் தருகிறது. கூரையில் படுத்திருக்கும் பேனல் 65 டிகிரி வரை சூடாகும். அப்போது அதன் திறன் 14 முதல் 16 சதவீதம் குறையும். தூசி, சாய்வின்மை, கம்பி இழப்பு எல்லாம் சேர்ந்தால், 200 வாட் பேனல் நண்பகலில் 130 முதல் 150 வாட் தருவதே இயல்பு. தமிழ்நாட்டில் நல்ல நாளொன்றில் 700 வாட்-மணி கிடைக்கலாம். எனவே 1,000 வாட்-மணிக் கருவி நிறைய, அதிலிருந்து எதையும் எடுக்காமல் இருந்தால்கூட, ஒன்றரை நாள் ஆகும். ‘மூன்று மணி நேரத்தில் முழு சார்ஜ்’ என்ற விளம்பரத்தை, எத்தனை வாட் பேனலோடு என்று கேட்காமல் நம்பக் கூடாது. பேனலுக்கும் கூரைக்கும் இடையே காற்றோட இடைவெளி விட்டால் இழப்பு சற்றுக் குறையும்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டிய வேறு சில உண்டு. வெயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கம்பியின் எம்.சி.4 இணைப்பைப் பிடுங்கினால், நேர்மின்சாரம் என்பதால் தீப்பொறி அறுபடாமல் நீண்டு கையையும் இணைப்பையும் சுடும். முதலில் பேனலைத் தடித்த போர்வையால் மூட வேண்டும். மாற்று அடாப்டர் கம்பிகளில் பாசிட்டிவ், நெகட்டிவ் தலைகீழாக இருப்பதுண்டு. செருகும் முன் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த ஆபத்து நீங்கும். ஏற்கெனவே கன்ட்ரோலர் பொருத்தி வரும் பேனலை, தனக்கென்று கன்ட்ரோலர் வைத்திருக்கும் பவர் ஸ்டேஷனில் இணைக்கக் கூடாது.

மிகப் பெரிய அபாயம் தீ. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரிகள் மற்ற லித்தியம் வகைகளைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும், பல மடங்கு அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். வேனில் மனிதர்கள் உறங்குவதால், விலை சற்றுக் கூடினாலும் இந்த வகையை வாங்குவதே சரி. பெரும்பாலான கருவிகள் 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் ஏற்க வேண்டும். மே மாத வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் 60 டிகிரி வரை ஏறலாம். பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்தினாலும், அந்தச் சூடே பேட்டரியின் ஆயுளைக் கெடுக்கும். கருவியை மெத்தைக்கு அடியில் திணிக்காமல், விசிறித் துவாரம் மறையாமல், வெளியேறும் கதவை அடைக்காத இடத்தில், பட்டையால் இறுகக் கட்டி வைக்க வேண்டும். 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி திடீர் பிரேக்கில் பறந்து வந்து மோதும். உப்பல், வித்தியாசமான நெடி, புகை எது தெரிந்தாலும் உடனே எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். புகையில் நச்சு வாயு கலந்திருக்கும் என்பதால் பொருட்களை எடுக்க உள்ளே திரும்பக் கூடாது.

சட்டத்தின் பக்கம் வந்தால், முதலில் நிற்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. வாகனத்தின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பில் செய்வதையே அது மாற்றம் என்று விளக்குகிறது. கழற்றக்கூடிய கேரியரில் பேனலை வைப்பதும், கூரையை வெட்டி, இருக்கைகளை அகற்றிப் படுக்கை அமைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன் அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் தேவை. மீறினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2021 ஆகஸ்டில் கேரளத்தின் கண்ணூரில் பிரபலமான கேம்பர் வேன் ஒன்றை, அனுமதியற்ற மாற்றங்களுக்காக மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது பெரிய செய்தியானது. கேரியரில் வைக்கும் பேனலைப் பற்றியும் ஐயம் இருந்தால் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வது, சோதனைச் சாவடியில் வாதாடுவதைவிட மேல்.

வாகனக் காப்பீடும் இத்தகைய மாற்றங்களைச் சார்ந்தது. பின்னால் பொருத்திய மின்சாதனங்களை நிறுவனத்திடம் அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டாவிட்டால் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது. அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி முழுக் கோரிக்கையையே மறுக்கும் வழக்குகளும் எழுகின்றன. மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கருவியே பழுதானால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை வரும். லித்தியம் பேட்டரிக்கும் சோலார் பேனலுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) கட்டாயப் பதிவு உண்டு. அட்டைப்பெட்டியிலோ கருவியிலோ உள்ள, ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இன் மின்வணிக விதி.

வாரண்டி தகராறில் நிறுவனங்கள் அதிகம் சொல்லும் பதில், ‘வாடிக்கையாளர் வோல்ட் எல்லையை மீறினார்’ என்பது. தவறாகப் பயன்படுத்திய பொருளுக்கு விற்பனையாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் இந்தப் பேனலை இந்தக் கருவியோடு போடலாம் என்று விற்றவரே சொல்லி ஒரு தொகுப்பாகக் கொடுத்திருந்தால் பொறுப்பு அவர் பக்கம் திரும்பும். அதை நிரூபிக்க, அவர் அப்படிச் சொன்ன வாட்ஸ்அப் உரையாடலும், இரண்டு பொருளும் உள்ள ஒரே பில்லும், பேனல் ஸ்டிக்கரின் படமும் வேண்டும். போதிய எச்சரிக்கையில்லாத கையேடும் தயாரிப்பாளரின் குறையே. கருவி தீப்பிடித்து வேன் எரிந்தாலோ ஒருவர் காயமடைந்தாலோ ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்ற தனி அத்தியாயம் பொருந்தும். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும், அவர் இந்தியச் சட்டத்துக்கு அப்பால் இருந்தாலும், விற்றவரையே பொறுப்பாக்கலாம். வெளிநாட்டுக் கருவி வாங்கியவருக்கு இது மிகப் பெரிய பலம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். தீராவிட்டால் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பழுதான கருவியைத் தீர்ப்பு வரும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அதுவே முதன்மைச் சான்று. ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின், இறக்குமதியாளரின் கடமை.