உச்சிக்குழியும் தலையோட்டு மூட்டுகளும்

பச்சிளம் குழந்தைக்கு எண்ணெய் வைக்கும்போது உச்சிக்குழி துடிப்பதைக் காட்டி, "பார்த்துத் தொடு" என்று சொல்லாத பாட்டி நம் வீடுகளில் இல்லை. அந்தக் குழியைச் சுற்றியுள்ள எலும்புகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்வதும் உண்டு. மருத்துவர்கள் இதைக் 'கிரேனியோசினோஸ்டோசிஸ்' என்கிறார்கள். சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது.

குழந்தையின் தலையோடு ஒரே எலும்பு அன்று. பல தகடுகள், நடுவே நாரால் ஆன மூட்டுகள். தண்டவாளம் பராமரித்த எனக்கு இது எளிதில் புரிந்தது. பழைய முறையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பிஷ் பிளேட் போட்டு முடுக்குவோம். வெயிலில் இரும்பு நீள இடம் இல்லாவிட்டால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். (இப்போது பற்றவைத்த நீளத் தண்டவாளங்கள் வந்துவிட்டன, அது வேறு கதை.) தலைக்குள் வளர்வது மூளை. பிறக்கும்போது 35 செ.மீ. அளவில் இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் சுமார் 46 செ.மீ. ஆகிவிடுகிறது. ஒரு மூட்டு அடைபட்டால் அதற்குக் குறுக்கே தலை அகலாது. திறந்திருக்கும் பக்கம் பிதுங்கும். இதை 1851-லேயே ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ விளக்கினார்.

உச்சியில் முன்பின்னாக ஓடும் மூட்டு ஒட்டுவதே அதிகம். ஆண் குழந்தைகளிடம் கூடுதல். தலை படகுபோல் நீண்டு ஒடுங்கும். காதுக்குக் காது ஓடும் மூட்டு ஒரு பக்கம் ஒட்டினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகும். பல மூட்டுகள் ஒட்டினால் மூளையில் அழுத்தம் ஏறி, பார்வையையும் பாதிக்கலாம்.

சுனாபட்டியில் எங்கள் கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனுக்கு இரண்டாம் மாதமே தலை நீளமாக இருப்பதைத் தாய் கவனித்தாள். உச்சியில் வரப்புபோல் ஒரு மேடு. "அவன் தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்றார் பாட்டி. மாலிஷ் செய்யும் பெண் தினமும் அழுத்திப் பார்த்தாள். கடுகுத் தலையணையும் வந்தது. முதலில் பார்த்த மருத்துவர், ஒரு வயதில் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். ஐந்தாம் மாதம் வேறொரு மருத்துவர் தடவிப் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். எட்டாம் மாதம் அறுவை. எலும்பை எடுத்து, வடிவம் திருத்தி, மீண்டும் பொருத்தினார்கள். ரத்தமும் ஏற்ற வேண்டியிருந்தது. பையன் இப்போது பால்வாடியில் எல்லோரையும் தள்ளிவிடுகிறான்! ஆனால் முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள் போயிருந்தால், குழாய்க் கருவி வழியாகச் சிறு கீறலோடு முடித்து, சில மாதம் ஹெல்மெட் மாட்டும் முறைக்கு வாய்ப்பு இருந்திருக்கும். போன அந்த மாதங்களை நினைத்து அந்தத் தாய் இன்னும் ஆறவில்லை.

இந்த அறுவைக்கும் ஒரு கெட்ட காலம் இருந்தது. 1890-இல் பாரிஸில் லன்னலாங் என்பவர் தொடங்கினார். பிறகு, மூளையே வளராததால் தலை சிறுத்திருந்த குழந்தைகளுக்கும் இதைச் செய்தார்கள். பல குழந்தைகள் இறந்தன. 1894-இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் ஜாகோபி கடுமையாகக் கண்டித்தார். நெடுங்காலம் யாரும் கை வைக்கவில்லை. நம் நாட்டில் 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார்.

தலை கோணலாக இருந்தாலே பயப்பட வேண்டாம். ஒரே பக்கம் படுத்துத் தட்டையாவதே மிக அதிகம். அதில் மேடு இராது. மேலிருந்து பார்த்தால் தட்டையான பக்கத்துக் காது முன்னே தள்ளியிருக்கும். விழித்திருக்கையில் நம் கண் முன்னால் குப்புறப் போட்டு, தலை திரும்பும் பக்கத்தை மாற்றி வந்தால் பெரும்பாலும் குறையும். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தலையணை கூடாது. மூட்டு ஒட்டியிருந்தால் எந்த மாலிஷும் பிரிக்காது. உச்சிக்குழி மட்டும் சீக்கிரம் மூடினால் அதுவே நோய் ஆகாது. சுற்றளவு ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

நமக்குச் சயான் ஆஸ்பத்திரி பக்கம், பரேலில் கே.இ.எம்.மும் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. சீட்டு வரிசை நீளம், காலையிலேயே போங்கள். தடுப்பூசி அட்டையோடு, பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையும் கொண்டுபோனால் தலையின் வடிவம் எப்போது மாறத் தொடங்கியது என்பதை மருத்துவர் அதிலிருந்தே பார்த்துக்கொள்வார்.